அரைக் கிலோ

சவளக்கடை நெற்களஞ்சியத்தில்
ஹஸ்பியா தட்டும் கணினி ஜெர்மனியில் கழித்தது.
வை இருக்கவேண்டிய இடத்தில் இசட்.
அவளுடைய விரல்கள் அதற்குப் பழகிவிட்டன.
எனக்குத்தான் தெரியவில்லை
அந்தப் பெட்டி எண்ணுக்குள் புள்ளி வைக்காது,
காற்புள்ளி வைக்கும் என்று.

அறுபத்திரண்டரைக் கிலோ மூடை
அங்கே 62,5.
கிட்டங்கி தாண்டிக் கல்முனைக்கு வந்ததும்
என் பேர்ள் நிரல்
62 வரை வாசித்துக்
காற்புள்ளியில் முட்டி நின்றுவிடும்.
மிச்சத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
எச்சரிக்கைகளை நான்தான் அணைத்து வைத்திருந்தேன்,
இரைச்சல் பிடிக்காமல்.

உதுமாலெவ்வை வந்தார்.
பற்றுச்சீட்டின் முதுகில் பென்சில் கணக்கு.
"அரை வந்த மூடை நாற்பத்தாறு, புள்ள.
மறுகா பெருக்கிப் பாருங்க.
இருபத்திமூணு கிலோ எங்க போன?"

தராசைப் பார்த்தோம். சாக்கை உதறினோம்.
எலியைக்கூடச் சந்தேகித்தோம்.
என்னைச் சந்தேகிக்க
மாலையாயிற்று.

அன்றிரவே எல்லா வகைகளையும்
ஒரே வரியில் 'சி'க்கு மாற்றினேன்.
அரைக் கிலோக்கள் திரும்பி வந்தன.
தூங்கினேன்.

காலையில் றிபாஸ் போன் எடுத்தான்.
"ளுஹர் தொழுதிட்டு வந்தா
என்ட பேர் எப்பவோ கூப்பிட்டு முடிஞ்சாம்."
பத்து வருடமாகப் பட்டியலின் வாலில் இருந்தவன்.
வெள்ளத்தம்பிக்கும் பின்னால்,
வல்லின றகரத்துக்கு உரிய இடத்தில்.
'சி'க்கு நெடுங்கணக்குத் தெரியாது.
ரகரத்தை அடுத்த இலக்கத்தில் றகரம் கிடக்கிறது,
அது கண்டது அவ்வளவுதான்.
ரதிதேவிக்கு அடுத்தவனாக்கி
அவனை ஒன்பதரைக்கே கூப்பிட்டுவிட்டது.
எண்ணைத் திருத்தப் போய்
எழுத்தைக் குலைத்திருந்தேன்.

சரி, வகை வகையாகப் பிரிப்போம் என்று
எண்ணுக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று,
செய்திக்கு ஒன்று என எழுதினேன்.
என் மடிக்கணினியில்
தாளின் அளவுக்குக்கூட ஒரு வகை உண்டு,
தொலைபேசி இலக்கத்துக்கும் உண்டு.
கணக்காளர் யோகவதனியின் விண்டோஸில்
செய்திக்கே வகை இல்லை.
இல்லாத பேரைச் சொல்லி அழைத்தேன்,
முதல் வரியிலேயே நிரல் செத்து விழுந்தது.
உங்கள் விற்பனையாளர்
இதை வரையறுக்கவில்லை என்றது,
சாகும்போதும் மரியாதையாக.
விற்பனையாளர் மருதமுனையில் கடை வைத்திருக்கிறார்.
அவரிடம் இதை எப்படிக் கேட்பது?

மட்டக்களப்பில் இருக்கும் சேவையகம் இன்னொரு சாதி.
எல்லா வகையும் என்ன நிலையில் என்று கேட்டால்
என் பெட்டி ஒவ்வொன்றின் பேரையும் சொல்லும்,
சமன் குறி போடும், அரைப்புள்ளியால் பிரிக்கும்.
அது பேரே சொல்லாது.
சாய்கோடு, சாய்கோடு, சாய்கோடு.
இடாப்பு இல்லாத வகுப்பில்
வாங்கு வரிசையை மட்டும் பார்த்து
யார் வரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் இப்போது
கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.
இருக்கிறாயா?
இருந்தால் உன் இப்போதைய நிலை என்ன?
அதைக் குறித்து வைக்கிறேன்.
கூட்டிக் கழிக்கும் நேரத்துக்கு மட்டும்
எண்ணை என் பக்கம் திருப்புகிறேன்,
முடிந்ததும்
எடுத்த இடத்திலேயே வைக்கிறேன்.
இல்லையென்றால் இல்லை.
அடுத்த வரிக்குப் போகிறேன்.

கிட்டங்கியில் முழங்காலளவு தண்ணீர்.
உதுமாலெவ்வை சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு
இருபத்திமூன்று கிலோவின் காசுக்கு வந்தார்.
புதுச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து,
"இந்த வால் என்ன?" என்றார்
காற்புள்ளியைத் தொட்டு.
"அரை."
"அப்ப கிடக்கட்டும்."

எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டேன்.
நேற்றிரவு பதினொரு தரம் கத்தியது.
ஒன்பது விளங்கியது.